அரசு நிதிக்குப் போன பங்கு: படிவம் நிரப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பழுப்பேறிய ஷேர் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 1994-ல் பொது வெளியீட்டில் வாங்கிய 100 பங்குகள். அவர் எவருக்கும் விற்கவில்லை, பத்திரமும் கையில் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டில் அவை அவர் பெயரில் இல்லை. வீடு மாறியபோது முகவரியை மாற்றாமல் விட்டதும், அதனால் நிறுவனம் லாபத்தில் தரும் பங்கான டிவிடெண்டுக்குக் காசோலை போல வரும் வாரண்டுகள் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பியதும்தான் நடந்த பிழை.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் பெறப்படாத பங்குகளை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு, அதாவது ஐஇபிஎஃப் எனப்படும் மத்திய அரசு நிதிக்கு, நிறுவனம் மாற்றிவிட வேண்டும். முன்பு டிவிடெண்ட் பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. 2016-ல் இந்த விதி நடைமுறைக்கு வந்த பிறகு பங்கே போகிறது. மூன்று மாதம் முன்னதாகக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்தக் கடிதம் போவது, ஏழு ஆண்டுகளாக வாரண்டுகள் திரும்பி வந்துகொண்டிருந்த அதே முகவரிக்கு.

பங்கு பறிபோய்விடவில்லை. கேட்டுப் பெறக் காலக்கெடு கிடையாது. இடையில் போனஸ் பங்குகளோ டிவிடெண்டோ வந்திருந்தால் அவையும் உங்களுக்கே உரியவை. ஐஇபிஎஃப் இணையதளத்தில் பெயரையோ, பங்குக் கணக்குக்கு நிறுவனம் தந்த ஃபோலியோ எண்ணையோ கொடுத்துத் தேடலாம். கேட்பதற்கான ஐஇபிஎஃப்-5 படிவத்துக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லையென்பதால் பலர் அதை முதல் வேலையாக நிரப்பி அனுப்பிவிட்டு, ஓராண்டு காத்திருந்து, நிராகரிப்பைப் பெற்றுக்கொள்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பங்குகளுக்கு ஒரு நிதியாண்டில் ஒரு மனுதான் போடலாம் என்பதால், அப்பாவின் பெயரில் இருந்த மூன்று ஃபோலியோக்களில் ஒன்றை மறந்துவிட்டு அனுப்பினாலும் அடுத்த ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஆகவே முதலில் போக வேண்டிய இடம் இந்த நிதியை நிர்வகிக்கும் டெல்லி ஆணையம் அன்று, நிறுவனத்துக்காகப் பங்குப் பதிவேட்டைப் பராமரிக்கும் ரிஜிஸ்ட்ரார் அலுவலகம். அங்கே பான், முகவரி, வங்கி விவரம், கையெழுத்து ஆகியவற்றைப் புதுப்பித்து, பங்கு உங்களுடையதே என்று அவர்கள் தரும் என்டைட்டில்மென்ட் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே படிவத்தைத் தொட வேண்டும். உங்கள் பெயரில், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கும் இருக்க வேண்டும். பங்கு திரும்பி வருவது அதற்குள் மட்டுமே, காகிதப் பத்திரமாக அன்று.

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் விழும் குழி பெயர்தான். பத்திரத்தில் ‘எஸ். ராமசாமி’ என்றிருக்கும், பான் அட்டையில் இனிஷியல் விரிந்து ‘சுப்பையா ராமசாமி’ ஆகியிருக்கும், ஆதாரில் இனிஷியல் பின்னால் போய் ‘ராமசாமி எஸ்’ என்று நிற்கும். மூன்றும் ஒரே ஆள் என்று நம் தெருவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக மட்டுமே அறிந்த கணினிக்கும், அதன் முன்னால் அமர்ந்திருப்பவருக்கும் அவர்கள் மூன்று பேர். மூன்று வடிவங்களையும் குறிப்பிட்டு, எல்லாம் ஒருவரே என்று முத்திரைத்தாளில் நோட்டரி அஃபிடவிட் ஒன்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். அவர்கள் கேட்டபின் வாங்கினால் மூன்று மாதம் போகும்.

அடுத்தது கையெழுத்து. முப்பது ஆண்டுக்கு முன் போட்ட கையெழுத்தும் இன்றைய நடுங்கும் கையெழுத்தும் ஒத்துப்போகாது. அதற்கென உள்ள ஐஎஸ்ஆர்-2 படிவத்தில் வங்கி மேலாளர் சான்றளிக்க வேண்டும். தலைமையாசிரியரை அவருடைய வங்கிக் கிளையில் நான்கு முறை அலைய வைத்தார்கள். இப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததே இல்லை என்றார் முதல் அதிகாரி, இது எங்கள் வேலை அன்று என்றார் இரண்டாமவர். கடைசியில் கையெழுத்து கிடைத்தது, ஆனால் மேலாளரின் பணியாளர் எண் எழுதப்படவில்லை என்று ரிஜிஸ்ட்ரார் திருப்பியனுப்பினார். மேசையை விட்டு எழுவதற்கு முன், முத்திரை, பெயர், பணியாளர் எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பங்குதாரர் இறந்துவிட்டிருந்தால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்த குடும்பங்களை நான் அறிவேன். சிறிய மதிப்புள்ள பங்குகளுக்கு நீதிமன்றம் போகாமலே எளிய ஆவணங்களை ஏற்கும் சலுகை உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் கட்டும் முன், தங்கள் பங்குக்கு அது பொருந்துமா என்று ரிஜிஸ்ட்ராரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிவம் அனுப்பியபின் ஆவணங்கள், இந்த மனுக்களைக் கவனிக்க நிறுவனம் நியமித்த நோடல் அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் 30 நாளில் சரிபார்ப்பு அறிக்கை அனுப்ப வேண்டும், அதன்பின் 60 நாளில் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. நடப்பில், அனுப்பிவிட்டோம் என்று நிறுவனம் சொல்லும், வரவில்லை என்று டெல்லி சொல்லும். நிறுவனமோ ரிஜிஸ்ட்ராரோ இழுத்தடித்தால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் புகார் செய்யலாம். ஆணையம் இழுத்தடித்தால் அங்கே புகார் செய்து பயனில்லை, மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்துக்குத்தான் போக வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஆறு மாதம் இழந்தவர்கள் பலர். மூலப் பத்திரத்தை அனுப்புமுன் இருபக்கமும் நகல் எடுத்துக்கொண்டு, ஸ்பீட் போஸ்டில் மட்டும் அனுப்புங்கள்.

நிதியில் கிடக்கும் பங்குகளின் பட்டியல் பொதுவில் இருப்பதால், கமிஷனுக்கு மீட்டுத் தருவதாகத் தொலைபேசியில் அழைக்கும் தரகர்கள் உங்களுக்கு முன்பே உங்கள் பங்கைப் பற்றி அறிந்திருப்பார்கள். வெற்றுத் தாளிலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இன்னும் நிதிக்குப் போகாத பங்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காகிதப் பங்குகளுக்கு கேஒய்சி, அதாவது பான், முகவரி, வங்கி போன்ற விவரப் பதிவு, முழுமையாக இல்லையென்றால் 2024 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் நிறுத்தி வைக்கப்படுகிறது. வாங்காமல் நிற்கும் அந்த டிவிடெண்டுதான் பிறகு ஏழாண்டுக் கணக்கிலும் சேரும். டீமேட்டில் இருப்பவர்களும் தப்பவில்லை. 2020-ல் அரசு வங்கிகளை இணைத்தபோது சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகளின் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் பின்னர் செல்லாமல் போயின. டீமேட் கணக்கில் இன்னும் பழைய குறியீடே இருந்தால் டிவிடெண்ட் திரும்பிப் போய்க்கொண்டிருக்கலாம். ஏழில் ஒரே ஓர் ஆண்டின் டிவிடெண்டைக் கேட்டு வாங்கியிருந்தாலும் பங்கை நிதிக்கு மாற்ற முடியாது என்பதால், இந்த வாரமே பாஸ்புக்கையும் டீமேட் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.