நாலு நாலாகத் தவறும் மோட்டார்

“ரோட்டரி டேபிளின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தியிருக்கிறேன். மெதுவாக ஓட்டினால் சொன்ன இடத்தில் நிற்கிறது. வேகத்தைக் கூட்டினால் உறுமிக்கொண்டே நகராமல் இருக்கிறது; நகர்ந்தாலும் கோணம் தப்புகிறது. பெரிய மோட்டார் வாங்க வேண்டுமா?” சிறு பட்டறை நடத்தும் ஒரு வாசகரின் கேள்வி இது.

காசைச் செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் குறை மோட்டாரின் பலத்தில் இருப்பதில்லை. அதை நாம் கிளப்பும் விதத்தில்தான் இருக்கும்.

மில்லிங் மெஷினில் கியர் பல் வெட்டவும், வட்டத்தில் சம இடைவெளியில் துளை போடவும் உதவுவது ரோட்டரி டேபிள். உள்ளே வார்ம் கியர், அதாவது திருகு போன்ற தண்டு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு, இருக்கும். 90-க்கு 1 என்ற வகையில், கைப்பிடி 90 சுற்று சுற்றினால் டேபிள் ஒரு சுற்று சுற்றும். ஸ்டெப்பர் மோட்டார், அனுப்பும் ஒவ்வொரு மின்துடிப்புக்கும் (பல்ஸ்) ஒரு சிறு கோணம் மட்டும் நகரும்; அந்த நகர்வுதான் ஒரு ஸ்டெப். சாதாரண வகையில் ஒரு பல்ஸுக்கு 1.8 டிகிரி, அதாவது சுற்றுக்கு 200 ஸ்டெப். பெருக்கினால் டேபிளின் முழுச் சுற்றுக்கு 18,000 ஸ்டெப். ஒரு ஸ்டெப்புக்கு 0.02 டிகிரி. எத்தனை பல்ஸ் அனுப்புகிறோமோ அதுதான் கோணம். எவ்வளவு வேகமாக அனுப்புகிறோமோ அதுதான் வேகம். விநாடிக்கு 1000 பல்ஸ் கொடுத்தால் 18 விநாடியில் டேபிள் ஒரு சுற்று வந்துவிடும்.

சரி, கோணம் எப்படித் தப்புகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த மோட்டாரின் ரோட்டாரில், அதாவது சுழலும் உள்பாகத்தில், 50 காந்தப் பற்கள். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 7.2 டிகிரி, அதாவது சரியாக நாலு ஸ்டெப். சுற்றியுள்ள சுருள்களில் மின்சாரம் மாறும்போது காந்தப்புலம் ஒரு ஸ்டெப் முன்னே தாவுகிறது. ரோட்டார் பின்னால் இழுபட்டுப் போகிறது. ரோட்டார் ஒரு ஸ்டெப் பின்தங்கும்போது இழுவிசை உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் பின்தங்கினால் விசை குறையும். இரண்டு ஸ்டெப் பின்தங்கினால் விசை பூஜ்யம். அதையும் தாண்டினால், அந்தப் பல்லைவிட அதற்கு முன்னால் இருக்கும் பல்தான் புலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். புலம் அதைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துக்கொள்கிறது. கடைசியில் ரோட்டார் ஒரு முழுப் பல் பின்தங்கி, எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்துவிடுகிறது.

அதனால் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு ஸ்டெப்போ மூன்று ஸ்டெப்போ தவறவிடுவதில்லை. நாலு, எட்டு, பன்னிரண்டு என்றுதான் தவறும். மைக்ரோஸ்டெப்பில், அதாவது ஒரு ஸ்டெப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஓட்டினாலும் முழு ஸ்டெப் கணக்கில் இதே நாலுதான். நம் டேபிளில் அது 0.08 டிகிரி. ஆகவே பிழையை அளந்து பாருங்கள். 0.08, 0.16, 0.24 என்று வந்தால் மோட்டார் ஸ்டெப் விட்டிருக்கிறது. இந்த மடங்குகளில் அடங்காத பிழை வந்தால் வார்ம் கியரின் பேக்லாஷை, அதாவது பற்களுக்கு இடையே உள்ள தளர்ச்சியை, பாருங்கள், அல்லது புரோகிராமில் கணக்கைப் பாருங்கள். மெஷினுக்குக் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டுவதை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது அன்பு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பிழைக்குக் காரணத்தைத் திருஷ்டியில் தேடினால், அளந்து பார்க்கும் பழக்கம் போய்விடும்.

நின்றுகொண்டிருப்பவர், முழு வேகத்தில் போகும் பஸ்ஸில் தாவி ஏற முடியாது. நிற்கும் ரோட்டாருக்கு முதல் பல்ஸிலிருந்தே விநாடிக்கு 1000 என்று கொடுத்தாலும் அதே கதைதான். இரண்டு ஸ்டெப் எல்லையை உடனே தாண்டிவிடும், பிறகு முன்னும் பின்னும் இழுபட்டு உறுமும். எனவே வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

எவ்வளவு படிப்படியாக? 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டிக் கண்டது இங்கே உதவுகிறது. சீரான முடுக்கத்தில் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. திருப்பிச் சொன்னால், நேரம் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் ஸ்டெப் 20 மில்லிவிநாடியில் முடிகிறது என்றால், இரண்டாவது 28.3-லும் மூன்றாவது 34.6-லும் நான்காவது 40-லும் முடிய வேண்டும். இடைவெளிகள் 20, 8.3, 6.3, 5.4 என்று சுருங்கும். நூறாவது ஸ்டெப்பில் இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிவிநாடி, அதாவது விநாடிக்கு 1000 பல்ஸ். வெறும் 0.2 விநாடியில் அதே மோட்டார் அதே வேகத்தை எட்டிவிட்டது! நிறுத்தும்போது இதே பட்டியலைத் தலைகீழாகக் கொடுங்கள். ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று போதும் இதற்கு. பாலிடெக்னிக் ஆய்வகங்களில் கணினி வழி இயங்கும் விலையுயர்ந்த சிஎன்சி மெஷின்களைப் பூட்டி வைப்பதைவிட, இப்படியொரு மோட்டாரையும் அதன் சுருள்களுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரையும் ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுப்பதுதான் நல்ல செலவு என்பது என் உறுதியான கருத்து.

பேக்லாஷுக்கு மருந்து எளிது. எந்தக் கோணத்துக்கும் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நில்லுங்கள், அப்புறம் டேபிளைப் பூட்டிவிட்டு வெட்டுங்கள்.

கணக்குப் பிழையைக் கவனியுங்கள். 37 பல் கியருக்கு 18,000-ஐ 37-ஆல் வகுத்தால் 486.486... வரும். ஒவ்வொரு பல்லுக்கும் 486 என்று கூட்டிக்கொண்டே போனால் முடிவில் 18 ஸ்டெப் குறையும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கியரில் அது 0.31 மில்லிமீட்டர், கடைசிப் பல் தடித்துப்போகும். கூட்டாதீர்கள். ஒவ்வொரு பல்லுக்கும் பூஜ்யத்திலிருந்து புதிதாகக் கணக்கிட்டு, அருகிலுள்ள முழு எண்ணுக்குப் போங்கள். கணக்கில் வரும் பிழை எந்தப் பல்லிலும் அரை ஸ்டெப்பைத் தாண்டாது.