லைட்டு: ஒரே சொல், மூன்று வேலை

விடிகாலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால் லைட்டு என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. “லைட்ட இப்டிக் காட்டுக்கா, செவுளு தெரியல.” கூடைக்கு மேலே தொங்கும் பல்பும் லைட்டு, அதிலிருந்து மீன்மேல் விழுவதும் லைட்டு, வெற்றிடத்தில் வினாடிக்கு 2,99,792 கி.மீ. ஓடுவதும் லைட்டு. தமிழில் இவை மூன்று சொற்கள்: விளக்கு, வெளிச்சம், ஒளி.

‘லைட்டா காய்ச்சல்’ என்கிறோமே, அது வேறு லைட். கனமில்லாதது என்ற பொருள். சமஸ்கிருத ‘லகு’வுக்கு உறவு. நம்ம லைட்டின் சொந்தக்காரர்கள் லத்தீனின் ‘லக்ஸ்’, கிரேக்கத்தில் வெள்ளையைக் குறிக்கும் ‘லூகோஸ்’, அப்புறம், ஆச்சரியமாக, லோகம். திறந்த வெளி என்பதே லோகத்தின் பழைய பொருள் என்கிறார்கள் மொழியியலாளர்கள். தமிழும் அதே வழியில்தான் போயிருக்கிறது. வெள்ளை, வெளுப்பு, வெளி, வெளிச்சம் எல்லாம் ஒரே கொத்து. பொழுது வெளுத்தால் இடம் வெளியாகிறது, கண்ணுக்குத் திறக்கிறது.

வெளிச்சத்தை நம்பி நான் ஏமாந்ததும் உண்டு. சிவப்புக் குடைக்குக் கீழே பார்த்து வாங்கிய வஞ்சிரத்துக்கு வீட்டில் செவுள் பழுப்பாக இருந்தது. குடைத்துணி மற்ற நிறங்களை விழுங்கிவிட்டுச் சிவப்பைத்தான் பெரும்பாலும் கீழே விட்டிருக்கிறது. வந்த ஒளி அப்படி, தெரிந்த மீனும் அப்படி.

ஒளி என்ற சொல்தான் ருசியானது. குறள் 971-இல் அது புகழ். ஒளிந்துகொள்வதும் ‘ஒளி’தான், அகராதியில் அது தனிச்சொல் என்றாலும் பொருத்தம் பாருங்கள்: பக்கவாட்டில் கடந்து போகும் ஒளி நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. எதிலாவது பட்டுக் கண்ணுக்குள் வந்தால்தான் உண்டு.

கண்ணுக்குள் வருகிறதா, கண்ணிலிருந்து போகிறதா என்பதே பழைய சண்டை. கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்றது பழைய இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான நியாயம். இரவில் திரியும் விலங்குகளின் கண் மின்னுவதைச் சாட்சிக்கு வைத்தது. காசிமேட்டுப் பூனைமேல் டார்ச் அடித்தால் அந்தச் சாட்சியை இன்றும் பார்க்கலாம். ஆனால் அது டார்ச்சின் ஒளியேதான். விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் அதைத் திருப்பி அனுப்புகிறது. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று 11-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் விளக்கிவிட்டார். நாம் மட்டும் “கண்ணு பட்டுடுச்சு” என்று பழைய கட்சியிலேயே இருக்கிறோம்.

ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்றார் ஐன்ஸ்டைன், 1905-இல். அந்தப் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்ற பெயரைப் பரப்பியது அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1926-இல் எழுதிய கடிதம். அவர் அதில் சொன்ன கொள்கை நிற்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. தமிழில் ஒளித்துகள், ஒளியணு, ஒளியன் என்றெல்லாம் எழுதுகிறார்கள். துகள் என்றால் தூசி நினைவு வருகிறது, ஒளிக்குள்ள அலைக்குணம் காணாமல் போகிறது. அணு என்றாலோ வேறு பொருள். எனக்கு ஒளியன் பிடிக்கும், யாரோ பக்கத்துத் தெருப் பையன் மாதிரி இருந்தாலும்.

சரி, எங்கே எதை எழுதுவது? பல்பு என்றால் விளக்கு, பார்க்க உதவுவது வெளிச்சம், இயற்பியலுக்கு ஒளி. காசிமேட்டில் “வெளிச்சம் காட்டுக்கா” என்றால் பல்பு உங்கள் பக்கம் திரும்பும். “ஒளி காட்டுக்கா” என்று கேட்டால் அக்கா முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.