மூடுபனிக்கு நடுவே வறண்ட அறை

கோத்தகிரிப் பக்கம் மொட்டுக்காளான் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெளியே பத்தடி தள்ளி நிற்கும் தேயிலைச் செடி தெரியாத அளவுக்கு மூடுபனி. அந்தக் காற்றைத்தான் மின்விசிறியால் அறைக்குள் இழுக்கிறேன். அப்படியிருந்தும் காளானின் குடை செதில் செதிலாக வெடிப்பது ஏன்?”

ஈரப்பதமானிகள் காட்டும் விழுக்காடு, காற்றில் உள்ள நீராவியின் அளவு அன்று. அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய அளவில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதே அது. 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 9.4 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். மூடுபனிக் காலையில் அது நிரம்பி வழிகிறது. ஆகவே ஈரப்பதம் 100 விழுக்காடு. அதே காற்று 16 டிகிரி வெப்பமுள்ள காளான் அறைக்குள் வந்து சூடானதும் அதன் கொள்ளளவு 13.6 கிராமாக உயர்ந்துவிடுகிறது. ஒரு துளி நீரும் வெளியேறாமலேயே ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. மொட்டுக்காளான் கேட்பதோ 85 முதல் 90 விழுக்காடு. உதகையின் பனிக்காலத்தில், வெளியே குளிர் கூடக் கூட அறைக்குள் வறட்சியும் கூடும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் கணக்கு.

காற்றை உள்ளே விடாமலும் இருக்க இயலாது. காளான் மூச்சு விடும் உயிர்; கரியமில வாயு தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்துப்போகும்.

அப்படியானால் நீரைப் புகையாகத் தெளித்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். குறைபடும் 3 கிராம் நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அக்காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் காற்று 6 டிகிரி வரை குளிர்ந்துவிடும். அதாவது, நாம் சூடேற்றியதெல்லாம் வீண். அறை குளிர்ந்தபின் ஆவியாகாத துளிகள் குடைகளின்மேல் படியும். எனவே மலைக்குளிரில் தெளிப்பானோடு சூடேற்றியும் வேண்டும்; அல்லது தன் வெப்பத்தைத் தானே கொண்டுவரும் கொதிநீராவியை விடுவது மேல்.

100 விழுக்காடே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதும் சரியன்று. காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர். இலைக்கு இருப்பதுபோல் மெழுகுத்தோலோ மூடித்திறக்கும் இலைத்துளையோ அதற்குக் கிடையாது. குடையிலிருந்து நீர் மெல்ல ஆவியாகும்போதுதான் எருவின்மேல் மூடாக்காகப் பரப்பும் கேசிங் மண்ணிலிருந்தும் அடியிலுள்ள எருவிலிருந்தும் நீரும் ஊட்டமும் மேலேறுகின்றன. காற்று முற்றிலும் நிறைந்துவிட்டால் இந்த ஓட்டம் தளர்கிறது. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் குடையைப் பாருங்கள்: மெல்லிய நீர்ப்படலம் பளபளத்து, சில மணி நேரம் உலராமல் நின்றால், சூடோமோனாஸ் பாக்டீரியா அதில் பெருகிப் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். இந்தப் புள்ளியைக் கண்ணேறு என்று எண்ணி வாசலில் பூசணிக்காய் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு இரண்டு வெப்பமானிகள் வாங்கியிருக்கலாம்.

ஒன்றின் குமிழில் ஈரத் திரியைச் சுற்றி, காற்றோட்டம் படும்படி இரண்டையும் அருகருகே தொங்கவிடுங்கள். திரியிலிருந்து நீர் ஆவியாகும் அளவுக்கு அது குளிரும். 16 டிகிரி அறையில் இரண்டுக்கும் வேறுபாடு 1 டிகிரி என்றால் ஈரப்பதம் 90. 2 என்றால் 81. 3 என்றால் 71. மலிவான மின்னணுக் கருவிகள் இவ்வளவு ஈரத்தில் சில மாதங்களிலேயே தடுமாறத் தொடங்குகின்றன; ஆகவே அவற்றை இதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. திரியை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள். உப்பும் அழுக்கும் படிந்த திரி சரியாகக் குளிராது. அப்போது வேறுபாடு குறைந்து, வறண்டு கிடக்கும் அறையையும் ஈரமான அறையாகவே காட்டும்.