பூஸ்ட் கூட்டும் முன், டேங்கில் இருப்பது எந்தப் பெட்ரோல்?

டிராக் (drag) பந்தயத்தின் 402 மீட்டர் நேர்ப்பாதையை எந்தக் குறையுமின்றி ஓடி முடித்த கார் ஒன்று, அன்றிரவே வீடு திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஏற்றமொன்றில் திணறி நின்று, மறுநாள் எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. இன்ஜினைப் பிரித்தபோது, மூன்றாம் பிஸ்டனின் மேல் இரண்டு ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய விளிம்பு பெயர்ந்து கிடந்தது. 100 ஆக்டேன் பெட்ரோலுக்காக நாங்கள் எழுதிய மேப் (பூஸ்ட், பெட்ரோல், டைமிங் அளவுகளின் அட்டவணை) இன்ஜினின் கணினியான இசியூவில் அப்படியே இருக்க, வழியில் பெட்ரோல் தீர்ந்துபோய்ச் சாதாரண பெட்ரோலை நிரப்பியிருந்தார்கள். மேப்பை மாற்றாமல் காரை அனுப்பியது எங்கள் தவறு.

உயர் ஆக்டேன் பெட்ரோல் தன்னளவில் சக்தியைக் கூட்டாது. பிளக்கிலிருந்து கிளம்பிய சுடர் வந்து சேரும்வரை, சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி, தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் குறிக்கிறது. ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அதை அளக்கிறார்கள். அந்தத் தாங்குதிறன் முறியும்போது நாக்கிங் நிகழ்கிறது. பூஸ்ட் மிகுந்த, அதாவது டர்போ காற்றை அதிகம் அழுத்தித் திணிக்கும் இன்ஜினில், எக்ஸாஸ்ட் சத்தத்தை மீறி அது ஓட்டுநரின் காதில் விழுவதற்குள் பிஸ்டன் போய்விடக்கூடும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்பி100-ஐ அறிமுகப்படுத்தியதிலிருந்து 100 ஆக்டேன் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது என்றாலும், எல்லா ஊரிலும் எல்லாப் பங்கிலும் கிடைப்பதில்லை. பாதி டேங்க் சாதாரண பெட்ரோலின் மேல் பாதி டேங்க் 100 ஊற்றினால், இன்ஜினுக்குக் கிடைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் எண்தான்.

பூஸ்ட் கூடும்போது வெப்பமும் கூடுகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 35 டிகிரி வெயிலில் 1 பார் பூஸ்ட் கொடுத்தால், 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்று ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஓடும் காரில் இன்டர்கூலர் அதைத் தணித்துவிடும்; ஆனால் டிராக் பந்தய வரிசையில் இன்ஜினை ஐடிலில் விட்டு இருபது நிமிடம் காத்திருக்கும் காரில் இன்டர்கூலரின் ஊடே காற்றோட்டமே இல்லாததால், அது கொதித்துப்போய்த்தான் புறப்படும் கோட்டுக்கு வருகிறது. காலை வேளையில், பெரிய விசிறிக்கு முன்னால், இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோவில் கிடைத்த அளவை மதிய வெயிலில் அப்படியே நம்பக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆகவே பூஸ்ட்டைக் கடைசியில்தான் தொடுகிறேன். முதலில் பெட்ரோல் பம்ப் முழு பூஸ்ட்டிலும் அழுத்தத்தைத் தக்கவைக்கிறதா என்றும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் 85 விழுக்காட்டு நேரத்துக்கு மேல் திறந்திருக்க வேண்டியிருக்கிறதா என்றும் பார்க்கிறேன். வெப்ப எண்ணில் ஒரு படி குளிர்ந்த பிளக்குகளை, இடைவெளியைச் சற்றுக் குறைத்துப் பொருத்துகிறேன். அகலப்பட்டை ஆக்சிஜன் சென்சார் இல்லாத காரில் நான் பூஸ்ட்டைத் தொடுவதே இல்லை. முழுச் சுமையில் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.80-ஐ ஒட்டி இருக்கிறதா என்று தெரியாமல் செய்யும் வேலை, கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வதுதான். அதன்பின் ஒவ்வொரு முறையும் 0.1 பார் மட்டும் கூட்டி, பதிவான லாகில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இசியூ டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) எவ்வளவு பின்னிழுத்தது என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போகிறேன். நாக்கிங் தலைகாட்டிய இடத்திலிருந்து பூஸ்ட்டை ஒரு படி இறக்கி, டைமிங்கில் இரண்டு டிகிரி விட்டுக்கொடுக்கிறேன். வாடிக்கையாளர் வருத்தப்படுவார்தான், ஆனால் 100 ஆக்டேன் தரும் கூடுதல் பாதுகாப்பு முழுவதையும் குதிரைத்திறனாகச் செலவழித்துவிட்டால், வெயிலுக்கும் சுமாரான பெட்ரோலுக்கும் ஈடுகொடுக்க எதுவும் மிஞ்சாது.

கியர்பாக்ஸையும் மறக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிக்யூ200 என்னும் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (முறுக்குவிசைக்கு) வடிவமைக்கப்பட்டது; குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட்டை ஏற்றினால் கிளட்ச்சும் பிஸ்டனும் ஒருசேர அடிவாங்கும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களில் '30 பாயின்ட்' என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் 3 ஆக்டேன் எண்களையே குறிக்கும். விமானப் பெட்ரோலைத் தேடிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். 100எல்எல் என்னும் அதில் ஈயம் இருப்பதால், ஆக்சிஜன் சென்சாரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெட்டுவிடும், சென்சார் கெட்ட பிறகு லாம்டா அளவையும் நம்ப முடியாது. டொலுவீனை வாங்கி வீட்டிலேயே கலப்பதை நான் முற்றாக மறுக்கிறேன். தீப்பற்றும் அபாயம் ஒருபுறமிருக்க, அதன் ஆவியைச் சுவாசிப்பதே உடலுக்குக் கேடு.

அந்தக் காருக்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பந்தயத்துக்குப் போகும் ஒவ்வொரு காருக்கும் இரண்டு மேப் எழுதுகிறோம். பெட்ரோல் மூடியின் உட்புறம் எந்த மேப்புக்கு எந்தப் பெட்ரோல் என்று தமிழில் எழுதி ஒட்டுகிறோம். கடைசி ஓட்டம் முடிந்ததும் சாதாரண பெட்ரோலுக்கான மேப் ஏற்றப்பட்டதை லாகில் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுக்கிறோம்.