ஊர் திரும்பிய பிறகும் தேவைப்படும் மாத்திரைகள்

பினாங்கில் மருந்தாளராகப் பணியாற்றும் என்னிடம், பப்புவா நியூ கினியின் செம்பனைத் தோட்டங்களுக்கும் சாலைப் பணிகளுக்கும் புறப்படும் பொறியாளர்களும் நில அளவையாளர்களும் அவ்வப்போது வருவதுண்டு. கருவாட்டுச் சம்பலும் கோடாலித் தைலமும் முதல் நாளே பெட்டிக்குள் போய்விடுகின்றன. மலேரியாத் தடுப்பு மாத்திரைதான் கிளம்பும் தறுவாயில் நினைவுக்கு வருகிறது. மலேசியாவில், குரங்குகளிடமிருந்து தொற்றும் வகையைத் தவிர்த்து, மனித மலேரியாவின் உள்நாட்டுத் தொற்று 2018-ஆம் ஆண்டிலேயே சுழியமாகிவிட்டதால், அந்த நோய் பலருக்கு வெறும் பாடப்புத்தகச் செய்தி.

மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற தடுப்பு மாத்திரையைப் பரிந்துரைத்தால், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அங்கிருக்கும் நாள் முழுவதும் விழுங்கி, மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். அதாவது 3 வாரப் பணிக்கு 21 மாத்திரை போதாது, 51 தேவை. அட்டோவாக்குவோன்-புரோகுவானில் என்ற மாற்று மாத்திரை என்றால் திரும்பிய பின் 7 நாள் போதும், ஆனால் விலை அதிகம். டாக்சிசைக்ளினை ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்துவிடாதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கன்றும் என்பதால் முழுக்கைச் சட்டையும் அவசியம்.

உட்பகுதிகளுக்குச் செல்லும் சிறிய விமானங்களில் பயணியையும் சேர்த்தே எடை போடுவார்கள். பாரம் கூடினால் உங்கள் பெட்டி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க நேரிடும். ஆகவே மருந்துகள் அனைத்தும், மருந்துச்சீட்டின் நகலோடும் அசல் உறைகளோடும், கைப்பையில்தான் இருக்க வேண்டும். நம்மவர்களிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால் இதையும் அழுத்திச் சொல்கிறேன்: விமானத்தின் சரக்கறையில் இன்சுலின் உறைந்துபோகக்கூடும், ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது. வயிற்றுப்போக்குக்கான உப்புக்கரைசல் பொட்டலங்களில் சில 250 மில்லி லிட்டருக்கும் சில 1 லிட்டருக்கும் உரியவை. உறையைப் படிக்காமல் கலக்காதீர்கள்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், இங்குள்ள கிளினிக்கில் முதலில் டிங்கியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பப்புவா நியூ கினியில் பரவலாக உள்ள வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து, மாத்திரைகளைத் தவறாமல் முடித்தவருக்கும் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும். சென்று வந்த நாட்டின் பெயரைச் சொல்லி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை அன்றே கேட்டு வாங்குங்கள்.