கண்டென்சர் மைக்: கோளாறு பெரும்பாலும் மைக்கில் இல்லை

"மைக் போயிடுச்சு" என்று பழுதுபார்க்க வரும் கண்டென்சர் மைக்குகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கும். கேபிளையும், மைக் வைத்த இடத்தையும், ஈரத்தையும் பார்த்த பிறகே மைக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கண்டென்சர் மைக்குக்குள் ஒலி பட்டதும் அதிரும், சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வான டயஃப்ரமும் அதற்குப் பின்னால் ஓர் உலோகத் தகடும் உள்ளன. அந்த அதிர்வில் பிறக்கும் நுண்ணிய சிக்னலை வெளியே அனுப்ப உள்ளேயே ஒரு சர்க்யூட் இருக்கிறது. அதற்காக மிக்சர் தரும் 48 வோல்ட் மின்சாரமான பேண்டம் பவர், எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் கேபிளின் 2, 3ஆம் பின்கள் வழியாகப் போய் 1ஆம் பின் வழியாகத் திரும்புகிறது. மூன்றில் ஒரு கம்பி அறுந்தாலும் சத்தம் மெலியும், கரகரக்கும், அல்லது அடியோடு நிற்கும். மைக்கைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 1-2, 1-3 இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட் வரை, ஏறக்குறைய ஒரே அளவில் காட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் முதலில் வேறு கேபிளை மாட்டிப் பாருங்கள்.

மாட்டும் வரிசையும் முக்கியம். சேனலை மியூட் செய்து, மைக்கைச் செருகி, பிறகு 48 வோல்ட்டைப் போட்டு, அரை நிமிடம் விட்டு, ஒலி அளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றுங்கள். கழற்றும்போதும் மியூட் செய்து, 48 வோல்ட்டை அணைத்து, அரை நிமிடம் கழித்தே உருவ வேண்டும். அவசரப்பட்டால் எழும் அந்த 'டப்' சத்தம் ஸ்பீக்கரில் உயர்தொனிக்கான ட்வீட்டரைக் காவு வாங்கலாம். இயர்போன் போட்டிருப்பவர் காது என்னாவது?

சிறிய மிக்சர்களில் எல்லா சேனலுக்கும் ஒரே 48 வோல்ட் பட்டன்தான். கேபிள் சரியாக இருந்தால், பேண்டம் பவர் தேவைப்படாத டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. மெல்லிய உலோக நாடா அதிரும் பழைய ரிப்பன் மைக்கையும், அடாப்டர் போட்டு எக்ஸ்எல்ஆரில் நேரடியாகச் செருகிய கீபோர்டையும் அந்த மிக்சரில் விட்டுவைக்காதீர்கள். கீபோர்டுக்கு, அதன் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் போதும்.

கிட்டாரின் ஒலித்துளைக்கு நேராக மைக் வைப்பதுதான் எங்கும் காணும் தவறு. அங்கே 'பூம்' என்று பேஸ் குவியும். 12ஆம் ஃபிரெட்டுக்கு நேராக 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைத்து, லேசாக உடல் பக்கம் திருப்புங்கள். புல்லாங்குழலில் காற்று நேராக மைக்கில் மோதாதபடி வாய்த்துளைக்கு மேலாகவோ விரல்துளைகள் பக்கமோ வைக்கலாம். மிருதங்கத்துக்கு இருபுறமும் மைக் வைத்தால், ஒரு சேனலில் சிக்னலைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை மாற்றிக் கேளுங்கள். எதில் அடித்தொனி நிறைவாக வருகிறதோ அதுவே சரி. தாளக்கருவி பலமாக ஒலித்தால் மைக்கிலேயே உள்ள, சிக்னலைத் தணிக்கும் பேட் ஸ்விட்சைப் போடுங்கள். மைக்குக்குள்ளேயே சிதறிய ஒலியை மிக்சரில் கெயினைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. ரெக்கார்டிங்கில் உச்சங்கள் -12 டிபி அளவில் நின்றால் போதும்.

மேடையில் கலைஞர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கரான மானிட்டரை வைக்கும் கோணம், மைக் எந்தத் திசை ஒலியை வாங்கும் என்ற அதன் பேட்டர்னைப் பொறுத்தது. முன்பக்கத்தை நன்றாகவும் நேர் பின்பக்கத்தை மிகக் குறைவாகவும் கேட்கும் கார்டியாய்டுக்கு நேர் பின்னால் வையுங்கள். சூப்பர்கார்டியாய்டு பின்புறத்தையும் ஓரளவு கேட்கும். அதற்கு முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 125 டிகிரியில், பின்பக்கவாட்டில் வையுங்கள். இதைக் கவனிக்காமல் தொனியைச் சரிசெய்யும் ஈக்யூவைக் குடைந்து, ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்பி 'கீ' என்று கூவும் ஃபீட்பேக்கைத் துரத்துவது வெட்டி வேலை.

குளிர் அறையிலிருந்து வெக்கையான மேடைக்கு வந்த மைக்கில் ஈரம் படிந்து பொரிவது போலச் சத்தம் வரும். பெட்டியிலேயே அரை மணி நேரம் விட்டு, வெப்பம் சமமான பிறகு எடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இருக்கட்டும். வாயால் ஊதிச் சோதிப்பதும், கிரில்லைக் கழற்றி டயஃப்ரத்தைத் துடைப்பதும் கூடவே கூடாது.