குளிக்கும் முன் ஒரு சொம்பு

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் காலைக் குளியல் என்றாலே அழுகைதான். பையனுக்கு மூன்று வயது. பார்வை மங்கல், காதும் சரியாகக் கேட்காது, மூளை முடக்குவாதத்தால் கைகால் விறைத்துக்கொள்ளும். தண்ணீர் பட்டதும் வில்லாக வளைந்து கத்துவான். "தண்ணின்னாலே இவனுக்கு பயம்" என்றார் பாட்டி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கண்ணும் காதும் நன்றாக இருக்கும் குழந்தைக்குக் குளியல் அரை மணி முன்பே தொடங்கிவிடுகிறது. அடுப்பில் தவலை ஏறுவதைப் பார்க்கிறது, பக்கெட் சத்தம் கேட்கிறது, அம்மா துண்டைத் தோளில் போடுவது தெரிகிறது. யாரும் சொல்லித்தராமலே 'இதற்குப் பிறகு இது' என்று பிடித்துக்கொள்கிறது. இந்தப் பையனுக்கு அதில் எதுவுமே எட்டுவதில்லை. திடீரென யாரோ தூக்குகிறார்கள், உடம்பில் வெந்நீர் விழுகிறது. திடுக்கிட்டால் தசை இன்னும் இறுகும். இறுகிய உடம்போடு எதையும் கவனிக்க முடியாது.

அதனால்தான் அ, ஆ எல்லாம் பிறகு. அடுத்து என்ன வரும் என்று தெரிவதே முதல் பாடம். தாயின் கர்ப்பகாலத்தில் வந்த ரூபெல்லா என்னும் ஜெர்மன் அம்மையால் பார்வையும் செவியும் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகளோடு நெதர்லாந்தில் பல ஆண்டுகள் உழைத்தவர் யான் வான் டைக். தொட்டறியும் பொருள்களையே அவர் சொற்களாக்கினார். குளியலுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று.

இந்த வீட்டில் குளியலுக்குச் சொம்பு. தினமும் அதே பித்தளைச் சொம்பு, கழுத்தில் சிவப்புத் துணி சுற்றியது. மங்கிய பார்வைக்கும் அந்தச் சிவப்பு கொஞ்சம் பிடிபடும். அம்மா சுவரோரம் உட்கார்ந்து, தலை தொங்காதபடி பையனைத் தன் மார்பில் சாய்த்துக்கொள்வார். அவன் கையைப் பிடித்து இழுக்கமாட்டார். தன் கையை அவன் கைக்கு அடியில் கொண்டுபோய், இரண்டு கையுமாகச் சொம்பைத் தடவுவார்கள். இவனுக்கு விரல்தான் கண். மேலிருந்து அமுக்கிப் பிடித்தால் அந்தக் கண்ணைப் பொத்துவது போலாகும். அடியில் இருந்தால் பிடிக்காதபோது அவன் கையை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு காதருகே, "குளிக்கப் போலாமா சாமி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். தொட்டது மூளைக்குப் போய், பழைய நினைவோடு பொருந்தி, பதிலாகத் திரும்பி வர இந்தக் குழந்தைகளுக்கு அதிக நேரம் பிடிக்கும். நாம் இரண்டு நொடியில் தூக்கிவிடுகிறோம். மனதுக்குள் பதினைந்து வரை நிதானமாக எண்ணுங்கள். மூச்சின் வேகம் மாறலாம், ஒரு விரல் அசையலாம். அதுவும் பதில்தான், உடனே மதித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கிறது. தருமபுரியிலிருந்து அடிக்கடி போய்வரும் தூரமில்லை. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார், அவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் தினமும் குளிப்பாட்டுவது நீங்கள்தானே? சொம்பு மட்டும் மாறக்கூடாது, இடமும் மாறக்கூடாது. பாட்டிக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

சில வாரங்களில், சொம்பைத் தொட்டதும் அவன் தோள் தளர ஆரம்பித்தது. பிறகு ஒரு மதியம், குளியல் எப்போதோ முடிந்திருந்தது. பாயில் ஒருக்களித்துக் கிடந்தவன் கையை மெல்ல நகர்த்தி, பக்கத்தில் இருந்த சொம்பைத் தட்டினான். மறுபடியும் தட்டினான்.

அம்மா அன்று இரண்டாம் முறை தண்ணீர் காயவைத்தார்.